கன்னிமார் மணலுக்கு இறங்கிய வழி

உயரமான இடம் எனக்கு ஆகாது. மலைநாட்டில் பிறந்தவள் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நான் பிறந்தது ஹட்டன் பஜாருக்குப் பின்னால், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் ஒன்றில். அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதோ ஒன்று கண்ணை மறித்து நிற்கும். கல்யாணமாகி வட்டகொடைப் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்த பிறகுதான், வாசலைத் தாண்டியதும் நிலம் சட்டென்று கீழே போய்விடும் வீடுகளும் உண்டு என்று தெரிந்தது. கொட்டகலையில் ஒரு துணிக்கடையில் எனக்கு வேலை. ரயிலில் போய் வருவேன். அருவி தெரிகிற வளைவு வந்ததும் பெட்டியில் இருப்பவர்கள் எல்லாம் போனைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடுவார்கள். நான் மட்டும் எதிர்ப்பக்கத்து மண்மேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

என் ஓரகத்தி எனக்கு நேர் எதிர். கணவருடைய அண்ணன் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எங்கள் இரண்டு குடும்பமும் அடுத்தடுத்த காம்பராவில், ஒற்றை அறையில், இருக்கிறோம். அக்கா பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து தேயிலைக் கொழுந்து பறிப்பவர். மற்றவர்கள் கையூன்றி ஏறுகிற சரிவில், இரண்டு கையும் கொழுந்தில் இருக்க, பேசிக்கொண்டே நடப்பார். மலை ஊற்று வந்து விழுகிற பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகும்போது நான் படியோரச் சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்குவதைக் கண்டால், "ஹட்டன்காரி வர்றா, வழி விடுங்க" என்று சத்தம் போடுவார். குடத்தோடு நிற்பவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். உள்ளே எரியும்.

என் மகளுக்கு ஐந்து வயதில் கடுமையான காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் மூச்சு வாங்கிய சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. கணவர் கொழும்பில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறார். ஓடி வந்து, கூடவே இருந்து, பிள்ளை எழுந்து உட்கார்ந்த பிறகுதான் திரும்பிப் போனார். அந்த நாட்களில் எனக்குச் சோறு கட்டிக்கொண்டு வந்தவர் அக்காதான். வேலை முடிந்து, சேலை கூட மாற்றாமல், பஸ் ஏறி வருவார்.

பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஒரு நாள் சொன்னார். "புள்ள பொழைச்சா கன்னிமாருக்குப் பொங்க வைக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன்."

"நல்லதுங்க்கா. எப்பன்னு சொல்லுங்க, சாமான் எல்லாம் நான் வாங்கித் தர்றேன்."

"சாமான் கெடக்கட்டும். பெத்தவ கையால வெளக்கேத்துறேன்னு சொல்லியிருக்கேன். நீயும் வரணும்."

எங்கள் தோட்டத்துக் கன்னிமாருக்குக் கட்டடம் கிடையாது. தேயிலை முடிகிற இடத்தில் மானாப்புல் வளர்ந்த ஒரு விளிம்பு. அதற்கு அப்பால் செங்குத்தான பாறை. பாறையின் அடியில் ஆறு வளைந்து போகிறது. அந்த வளைவுக்குள் கொஞ்சம் வெள்ளை மணல். மணலின் ஓரத்தில், பாறை குடைந்த நிழலில், மஞ்சள் பூசிய ஏழு கற்கள். அவர்கள்தான் கன்னிமார். அங்கே போக இருப்பது ஒரே வழி. பாறையின் இடுப்பில் சாய்வாக இறங்கும் ஒரு பிளவு. ஓர் ஆள் நடக்கிற அகலம் கூட இல்லை. பிளவு அறுந்த இடங்களில் யாரோ எப்போதோ கல் செருகிப் படி மாதிரி வைத்திருக்கிறார்கள். கைக்குப் பிடிக்க, பாறையில் அடித்த இரும்பு முளைகளில் ஒரு பழைய கம்பி வடம் ஓடுகிறது. முன்பெல்லாம் ஆடி மாதத்தில் ஜனம் வரிசையாக இறங்குமாம். இப்போது இளவட்டங்கள் எல்லாம் கொழும்பில். ரோட்டோரத்துக் கோயிலிலேயே திருவிழா நடந்து முடிந்துவிடுகிறது. மணலுக்கு இறங்குகிறவர்கள் மிகக் கொஞ்சம்.

"வேற யாராவது ஏத்தக் கூடாதாங்க்கா?"

"சாமிகிட்டச் சொன்ன வார்த்தைய நான் எப்படி மாத்துறது? வேணும்னா நீயே எறங்கிப் போய்ச் சொல்லிட்டு வா."

என்னைக் கேட்காமல் என் பிள்ளைக்காக இவர் எதற்கு வேண்டிக்கொள்ள வேண்டும் என்று கோபம் வந்தது. ஆனால் கட்டிலில் கிடந்த பிள்ளையின் முகமும் கூடவே வந்தது. ராத்திரி போனில் கணவரிடம் சொன்னேன். "மதினி கூட வர்றாங்கல்ல, பயப்படாம போயிட்டு வா" என்றார். பயப்படாதே என்று சொல்வது எவ்வளவு சுலபம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டோம். அக்காவின் கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர், அன்றைக்கு அவருக்கு லீவு கிடைக்கவில்லை. மகளைப் பக்கத்து வீட்டில் விட்டேன். "அவளையும் கூட்டிட்டுப் போனா சாமிக்குச் சந்தோசமா இருக்கும்" என்று அக்கா இழுத்தார். "அது மட்டும் முடியாதுங்க்கா" என்றேன்.

நல்ல வெயில். அரிசி, வெல்லம், சூடம், வாழைப்பழம், ஒரு சின்ன அலுமினியப் பானை, கொஞ்சம் காய்ந்த விறகு எல்லாவற்றையும் அக்கா ஒரு சாக்கில் போட்டு முதுகில் கட்டிக்கொண்டார். என்னிடம் விளக்கும் எண்ணெய்ப் போத்தலும் மட்டும் இருந்த ஒரு துணிப்பை.

மானாப்புல்லைத் தாண்டி விளிம்புக்கு வந்ததும் அருவியின் சத்தம் முகத்தில் அடித்தது. பக்கத்தில் எங்கேயோ அது விழுந்துகொண்டிருந்தது. நான் பார்க்கவில்லை. என் கண் போனது ஒரே இடத்துக்கு. மிகக் கீழே, உள்ளங்கை அளவுக்கு, வெள்ளையாக அந்த மணல்.

அக்கா செருப்பைக் கழற்றிப் புல்லில் வைத்துவிட்டு, வீட்டுப் படி இறங்குவது போல இறங்கினார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தார்.

"என்னாடி நிக்கிற?"

"வர்றேங்க்கா."

"கீழ பாக்காத. நேரா நட."

கீழே பார்க்காமல் எப்படி நடப்பது? கால் வைக்கிற இடமே கீழேதானே இருக்கிறது. நானும் செருப்பைக் கழற்றிவிட்டு முதல் கல்லில் கால் வைத்தேன். கம்பி வடத்தைப் பிடித்த கை அந்தக் கணமே வேர்த்துவிட்டது. உயரத்துக்குப் பயப்படுகிறவர்களுக்குத்தான் இது தெரியும். விழுந்துவிடுவோம் என்பது மட்டுமல்ல, பள்ளம் நம்மைக் கூப்பிடுகிறது என்று தோன்றும். முதுகுக்குப் பின்னால் இருந்த காற்று முழுவதும் ஒரு கையாகி என் சட்டையைப் பிடித்து இழுத்தது.

நான் திரும்பி, பாறையைக் கட்டிப்பிடித்த மாதிரி நின்றுகொண்டேன். மூக்குக்கு நேரே கல்லில் வெள்ளை வெள்ளையாகப் பாசி படர்ந்திருந்தது. அதையே பார்த்தேன். அதைப் பார்க்கும்போது மூச்சு கொஞ்சம் வந்தது. வலது காலை நகர்த்தி, இடம் தேடி, அது நிற்கிறது என்று நிச்சயமான பிறகு இடது கால். பிறகு கை. அடுத்த பாசி. அப்படியே பக்கவாட்டில், நண்டு போல, இறங்கினேன்.

"இந்த லெச்சணத்துல போனா சாமி எந்திரிச்சுப் போயிரும்" என்று கீழேயிருந்து அக்கா சிரித்தார். நான் அடுத்த பாசியைத் தேடினேன். பாதி வழியில் ஓர் இடத்தில் பிளவு அறவே குறுகி, உடம்பில் பாதி வெளியே நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. அங்கே நின்று அழுதேன். அழுதுகொண்டே நகர்ந்தேன். கால் மணலில் பட்டபோது அப்படியே குப்புற விழுந்து மணலை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டேன்.

அழகான இடம்தான். அதையும் சொல்ல வேண்டும். மணல் சலித்து வைத்தது போல இருந்தது. ஆறு பச்சையாக, மெதுவாக ஓடியது. அக்கா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி நின்று, சின்னப் பிள்ளை மாதிரி கையால் அடித்துத் தெறிக்கவிட்டார். "வாடி, எவ்வளவு நல்லாருக்கு பாரு" என்றார். எனக்கு எதுவும் ருசிக்கவில்லை. தலையை நிமிர்த்தினால் வந்த வழி தெரிந்தது. வழியாகவே தெரியவில்லை, பாறையில் விழுந்த கீறல் மாதிரி தெரிந்தது. அதில்தான் ஏற வேண்டும். வேறு வழி கிடையாது. போனை எடுத்துப் பார்த்தேன். சிக்னல் இல்லை.

மூன்று கல் வைத்து அக்கா பொங்கல் வைத்தார். நான் விளக்கில் எண்ணெய் ஊற்றினேன். கை நடுக்கத்தில் தீக்குச்சி ஒன்றன் பின் ஒன்றாக அணைந்துபோனது. கடைசியில் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள, விளக்கு எரிந்தது.

"புள்ளைய நெனச்சுக் கும்புடு."

கும்பிட்டேன். பிள்ளையைத்தான் நினைக்கப் பார்த்தேன். ஆனால் மனசில் ஓடியதெல்லாம், தாயே என்னை மேலே கொண்டுபோய்ச் சேர்த்துவிடு என்ற ஒன்றுதான்.

வாழை இலைத் துண்டில் பொங்கலை வைத்துச் சாப்பிடத் தொடங்கியபோது வெளிச்சம் குறைந்தது. மலைக்கு மேலே மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் மழை இல்லை. ஆனால் அக்கா இலையைக் கீழே வைத்துவிட்டு ஆற்றைப் பார்த்தார்.

"தண்ணி செவக்குது."

பச்சைத் தண்ணீரின் நடுவில் மண் நிறத்தில் ஒரு கோடு ஓடியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அகலமானது. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன.

"மேல எங்கயோ கொட்டுது. எந்திரி, எந்திரி!" என்றார். பானையை அப்படியே விட்டோம். மணலின் விளிம்பை ஆறு நக்கத் தொடங்கியிருந்தது. இறங்கும்போது எனக்கு இருந்தது ஒரு பயம். இப்போது இரண்டாகிவிட்டது, ஒன்று மேலே, ஒன்று பின்னால்.

"நீ முன்னால ஏறு. நான் பின்னால வர்றேன், சறுக்குனா புடிச்சுக்குறேன்" என்றார் அக்கா. ஏறினேன். கம்பி வடம் ஈரமாகிவிட்டது. மூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டது. விசித்திரமாக, அது எனக்கு உதவியாக இருந்தது. பள்ளம் மறைந்துவிட்டது. பாறையும் பாசியும் என் கையும் மட்டுமே உலகத்தில் இருந்தன. அந்தக் குறுகலான இடத்தையும் தாண்டிவிட்டேன். அதற்கும் மேலே, உச்சிக்குக் கிட்டே செருகியிருந்த கல்லில் கால் வைத்தபோது அது லேசாக ஆடியது. "அக்கா, இந்தக் கல்லு ஆடுது" என்றேன்.

"அது எப்பவும் ஆடும். நான் எத்தன தடவ மிதிச்சிருக்கேன்" என்றார்.

நான் அடுத்த பிடிக்குப் போய்விட்டேன். பின்னால் ஒரு கரகரப்பு. பிறகு அக்காவின் குரல். வார்த்தை எதுவும் இல்லாத குரல். கல் பாறையில் ஒரு முறை மோதியது கேட்டது. அது தண்ணீரில் விழுந்த சத்தம் வரவே இல்லை.

திரும்பிப் பார்த்தேன். கல் இருந்த இடம் ஓட்டையாக இருந்தது. அதற்குக் கீழே அக்கா, இரண்டு கையாலும் வடத்தைப் பிடித்து, பாறையில் ஒட்டிக் கிடந்தார். கால் இரண்டும் ஒரு சின்ன விளிம்பில் நின்றன. முழங்காலில் ரத்தம்.

"அக்கா! அடி பட்டிருச்சா?"

அக்கா வடத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"அக்கா, எட்டு வச்சு வாங்க. நான் கை தர்றேன்."

"வரமாட்டேன்" என்றார், கோபித்துக்கொண்ட சின்னப் பிள்ளை போல.

"வராம எப்படிங்க்கா?"

"கால் வரலடி. சொன்னா கேக்க மாட்டேங்குது."

அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை அதற்கு முன் அவரிடம் நான் பார்த்ததில்லை. உதடு வெளுத்து, கண் எங்கும் நிற்காமல் அலைந்தது. அவருக்கு என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று எனக்கு அங்குலம் அங்குலமாகத் தெரிந்தது. பீலிப் படியில் தினமும் எனக்கு நடப்பதுதான் அது.

"நான் மேல போய் ஆளுங்களக் கூட்டிட்டு வர்றேன்."

"போகாத! என்னய விட்டுட்டுப் போகாத." வடத்தைப் பிடித்த கை நடுங்க, வடமே நடுங்கியது. அந்த நடுக்கம் என் கைக்கும் வந்தது. ஆட்கள் வருவதற்குள் அந்தப் பிடி விட்டுப்போகும். அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

மேலே போக என் உடம்பு துடித்தது. ஏற வேண்டியது கொஞ்ச தூரம்தான் இருந்தது. நான் பின்புறமாக, வயிறு பாறையில் உரச, அந்த ஓட்டை வரைக்கும் திரும்ப இறங்கினேன். அங்கே குப்புறப் படுத்தேன். ஒரு காலை இரும்பு முளையைச் சுற்றி மடக்கிக்கொண்டேன். முளை தாங்குமா என்று யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் படுத்திருக்க மாட்டேன். கையை நீட்டி அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது.

"அக்கா, என் பேச்ச மட்டும் கேளுங்க. இந்தக் கல்லுல வெள்ளையா பாசி இருக்குல்ல, அதப் பாருங்க."

"எங்க?"

"உங்க மூக்குக்கு நேரா. அதையே பாருங்க. கீழ ஒண்ணும் இல்ல."

"கீழதான்டி எல்லாம் இருக்கு."

"இருக்கட்டும். நீங்க பாசியப் பாருங்க. மூச்ச இழுத்து விடுங்க. கால எடுக்க வேணாம். முட்டிய மட்டும் மேல தூக்கி இங்கன வைங்க."

"முட்டி வலிக்குது."

"வலிச்சா நல்லது. அது உங்க முட்டிதான்னு தெரியும்ல."

எங்கிருந்து அந்தப் பேச்சு வந்தது என்று எனக்கே தெரியாது. என் பல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. நான் தைரியமாக இருந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பயம் துளி கூடக் குறையவில்லை. ஆனால் அந்தப் பயத்தோடு ஒரு கையை எப்படி நகர்த்துவது, ஒரு காலை எப்படி நகர்த்துவது என்பது மட்டும் எனக்குப் பழக்கமாக இருந்தது.

நெடுநேரம் அவர் அசையவில்லை. கீழே ஆற்றின் இரைச்சல் கூடிக்கொண்டே போனது. பிறகு அவர் முழங்கால் மெதுவாக எழுந்தது. ஓட்டையைத் தாண்டி என் தோளுக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்தது. அடுத்த கணம் அவர் உடம்பின் பாரம் முழுவதும் என் கையில் இறங்கியது. தோள்பட்டையில் ஏதோ படக்கென்றது. நான் கத்தினேன், அவரும் கத்தினார். கத்திக்கொண்டே அவர் மேலே வந்து என் முதுகின் மேல் விழுந்தார்.

அப்படியே கிடந்தோம். அவருடைய நெஞ்சு அடித்துக்கொள்வது என் முதுகில் கேட்டது.

"இனி எந்திரிச்சு நிக்க வேணாங்க்கா. தவழ்ந்தே போவோம். யாரு பாக்கப் போறா?"

மிச்ச வழி முழுக்கத் தவழ்ந்தோம். அவர் முன்னால், நான் பின்னால். அவர் நிற்கும்போதெல்லாம் அவர் குதிகாலில் கை வைப்பேன். உடனே நகர்வார். புல் கையில் தட்டுப்பட்டபோது மழை பிடித்துக்கொண்டது. செருப்பைத் தேடக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை. தேயிலைக்குள் போய் உட்கார்ந்தோம். அக்கா ஒரு தேயிலைச் செடியின் தூரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, விடவே இல்லை. பிறகு அழத் தொடங்கினார். ஏதோ செத்த வீட்டில் அழுவது போல அழுதார். கால் விரலிடுக்கில் அட்டைகள் ஏறின. எடுத்துப் போட எங்களுக்குத் தெம்பு இல்லை.

"சாமிக்கு ஏதும் கோவமா இருக்குமோ?" என்று கேட்டார்.

"கல்லு பழசாயிருச்சுங்க்கா. வேற ஒண்ணும் இல்ல."

"வீட்டுல சொல்லாதடி."

"சொல்லமாட்டேன்."

வழியில் சறுக்கி விழுந்ததாக வீட்டில் சொன்னோம். அவர் முழங்கால் வீங்கி, கொஞ்ச நாள் வேலைக்குப் போகவில்லை. என் தோள்பட்டைக்கு எண்ணெய் தேய்த்துவிட அவரே வருவார். பேசாமல் தேய்த்துவிட்டுப் போவார். மறுபடி வேலைக்குப் போனபோது, மேற்பார்வை செய்கிற கங்காணியிடம் கேட்டு, சரிவில்லாத பக்கமாக வேலை வாங்கிக்கொண்டார். முட்டிவலி என்று எல்லாரும் நினைத்தார்கள். ஹட்டன்காரி என்று அதன் பிறகு அவர் என்னைக் கூப்பிடவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அந்தப் பிளவில் ஒரு பகுதி சரிந்து ஆற்றில் விழுந்துவிட்டது. நல்ல வேளை, அப்போது அதில் யாரும் இல்லை. இப்போது தேயிலை ஓரத்தில், விளிம்புக்கு வெகு தூரம் தள்ளி, ஏழு கல் நட்டு அங்கேயே கும்பிடுகிறார்கள். மகளையும் அங்கே கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். எனக்கு இன்னும் சில ராத்திரிகளில் தூக்கத்தில் கை வேர்க்கும். ரயிலில் இப்போதும் மண்மேட்டுப் பக்கம்தான் உட்காருகிறேன்.

ஒரு நாள் சாயங்காலம் இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். பிள்ளைகள் கீழே ரோட்டில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அக்கா கீரையைப் பார்த்தபடியே, திடீரென்று கேட்டார்.

"ஏன்டி, உனக்கு எப்பவுமே இப்படித்தான் இருக்குமா?"

எதைக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

"ஆமாங்க்கா. எப்பவும் இப்படித்தான்."

அக்கா கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தார். பிறகு என் மடியில் இருந்த கீரைக் கட்டையும் எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"பாவம்டி நீ" என்றார்.